லேப்டாப்பின் டிவிடி டிரைவ் படுத்துவிட்டதா? கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றும் வழி, அறிகுறி வாரியாக

டிவிடி டிரைவ் கெட்ட லேப்டாப்பைக் கையில் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இதைச் சரிசெய்ய முடியுமா?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது: "உங்களுக்கு வேண்டியது டிரைவா, கோப்பா?" பத்தில் ஒன்பது பேருக்குக் கோப்புதான் வேண்டும். டிஸ்கில் எழுதித்தான் கோப்புகளை வெளியே கொண்டுபோக முடியும் என்ற பழைய பழக்கம் டிரைவின் பின்னால் ஓட வைக்கிறது.

அதனால் முதலில் இதை முடிவு செய்யுங்கள். வேண்டியவை லேப்டாப்பின் ஹார்டு டிஸ்கில் இருந்தால், டிவிடி டிரைவை மறந்துவிட்டு நேராகப் பென்டிரைவ் பகுதிக்கோ நெட்வொர்க் பகுதிக்கோ போங்கள். வேண்டியவை சிடியிலோ டிவிடியிலோ மாட்டிக்கொண்டிருந்தால் மட்டும் வரிசையாகப் படியுங்கள்.

ஒரு விதிவிலக்கு. லேப்டாப்பின் உள்ளிருந்து, டிஸ்க் எதுவும் போடாதபோதும், "டிக்… டிக்" என்று சீரான சத்தம் வந்தால் கெட்டது டிவிடி டிரைவ் அல்ல, ஹார்டு டிஸ்க். உடனே அணைத்துவிட்டு, கடைசிப் பகுதியைப் படித்தபிறகு அடுத்த வேலை பாருங்கள்.

## தட்டு வெளியே வரவில்லை

முதலில் மென்பொருளைச் சந்தேகியுங்கள். டிஸ்கில் உள்ள ஏதாவது கோப்பு எங்கேயாவது திறந்திருந்தால் விண்டோஸ் தட்டை விடாது. எல்லாவற்றையும் மூடி, டிரைவ் ஐகானில் வலது கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள். நகரவில்லையா? லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, தயாரிப்பாளரின் லோகோ திரையில் வந்ததுமே, விண்டோஸ் ஏறுவதற்கு முன், டிரைவின் பட்டனை அழுத்துங்கள். அப்போது தட்டு வந்தால் டிரைவில் கோளாறு இல்லை. ஏதோ ஒரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது.

எஜெக்டில் வருகிறது, பட்டனில் வரவில்லை என்றால் பட்டன் மட்டும் தேய்ந்திருக்கிறது. அதற்குச் செலவு செய்யாதீர்கள், எஜெக்டிலேயே காலத்தை ஓட்டுங்கள்.

இரண்டுமே பலிக்கவில்லை என்றால் லேப்டாப்பை முழுதாக அணைத்துவிட்டு டிரைவின் முகப்பை உற்றுப் பாருங்கள். ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, சாய்க்காமல் நேராக உள்ளே விடுங்கள். ஓரிடத்தில் லேசாகத் தடுக்கும். அங்கே கொஞ்சம் அழுத்தினால் தட்டு சில மில்லிமீட்டர் வெளியே துள்ளும். மிச்சத்தைக் கையால் மெதுவாக இழுங்கள். தட்டு இல்லாமல் டிஸ்கை நேராக விழுங்கும் வகை டிரைவாக இருந்தால் பெரும்பாலும் இந்தத் துளை இருக்காது. அதைக் கத்தியாலோ அட்டையாலோ நோண்டாதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள்.

தட்டு வந்ததும் டிஸ்க் உட்கார்ந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். மேசைக் கணினியின் டிரைவில் டிஸ்கைச் சும்மா வைத்தால் போதும். லேப்டாப் டிரைவில் நடுக்குமிழில் "டக்" என்று மாட்டும் வரை அழுத்த வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்த டிஸ்க் உள்ளே எழும்பி மேல் தகட்டில் உரசும், தட்டையும் மாட்ட வைக்கும். அடியில் ஒரு விரலைத் தாங்கலாகக் கொடுத்து அழுத்துங்கள். இல்லையென்றால் தட்டின் தண்டவாளம் வளையும்.

தட்டு மூடியதும் தானாகத் திறந்து திறந்து வருகிறது என்றால் உள்ளே கொக்கி உடைந்திருக்கும். அது பழுதுபார்க்கும் சமாச்சாரம் அல்ல, டிரைவையே மாற்ற வேண்டும்.

## டிஸ்க் சுழல்கிறது, ஆனால் "டிஸ்கைப் போடுங்கள்" என்கிறது

ஒரே டிஸ்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கடையில் வாங்கிய சிடி ஒன்று, கடையில் வாங்கிய டிவிடி ஒன்று, வீட்டில் எழுதிய டிஸ்க் ஒன்று என்று மூன்றையும் மாறி மாறிப் போட்டுப் பாருங்கள்.

சிடி படிக்கிறது, டிவிடி படிக்கவில்லை. அல்லது அதற்கு நேர்மாறு. இது தனி அடையாளம். சிடிக்கும் டிவிடிக்கும் வெவ்வேறு லேசர்: சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ஒன்று செத்தாலும் மற்றது பல காலம் ஓடும். ஆனால் அதற்கு முன் டிரைவின் முகப்பில் உள்ள முத்திரையைப் பாருங்கள். மிகப் பழைய லேப்டாப் என்றால் அது சிடி மட்டுமே படிக்கும் டிரைவாக இருக்கலாம். அதேபோல், சாதாரண டிவிடி டிரைவ் எதுவும் புளூரே டிஸ்கைப் படிக்காது.

கடை டிஸ்க் இரண்டும் படிக்கிறது, எழுதிய டிஸ்க் மட்டும் படிக்கவில்லை. இங்கே பெரும்பாலும் குற்றவாளி டிரைவ் அல்ல, டிஸ்கை எழுதிய முறை. எழுதி முடித்தபின் செஷனை, அதாவது அந்த எழுதும் வேலையை, மூடாமல் விட்டிருந்தால் வேறு டிரைவுகளுக்கு அது காலி டிஸ்காகத் தெரியும். விண்டோஸில் "பென்டிரைவ் போல" என்ற தெரிவில் எழுதிய டிஸ்குகளில் இந்தத் தொல்லை அதிகம். எந்தக் கணினியில் எழுதினார்களோ அதே கணினியில் போட்டு செஷனை மூடச் சொல்லுங்கள். அந்தக் கணினி இப்போது இல்லையென்றால் வேறு இரண்டு மூன்று டிரைவுகளில் முயலுங்கள். எழுதக்கூடிய டிரைவுகள், படிக்க மட்டும் தெரிந்த டிரைவுகளைவிட இதில் கெட்டிக்காரத்தனமாக இருக்கும்.

எதையுமே படிக்கவில்லை என்றால் துடைக்கும் வேலை. டிஸ்கை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தடத்தின் திசையிலேயே ஓடும், டிரைவால் அதைத் தாண்ட முடியாது. பிறகு டிஸ்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குண்டூசிப் புள்ளிகளாக ஒளி தெரிந்தால் பிரதிபலிக்கும் பூச்சு உரிந்திருக்கிறது. சிடியில் அந்தப் பூச்சு பெயர் எழுதும் பக்கத்துக்கு நேர் கீழேதான் இருக்கிறது. எல்லோரும் அடிப்பக்கக் கீறலைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். சிடியைக் கொல்வது மேல்பக்கக் கீறல்தான். பூச்சு போன இடத்தில் இருந்த கோப்பு போனதுதான்.

அப்புறம் லென்ஸ். லேப்டாப் டிரைவில் தட்டை முழுதாக இழுத்தால் அது கண்ணெதிரே இருக்கும்: பட்டாணியைவிடச் சிறிய கண்ணாடிக் குமிழ். லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் அழுத்தாமல் ஒருமுறை தடவி, நன்றாகக் காயவிடுங்கள். தண்ணீர், கண்ணாடி துடைக்கும் திரவம், வாயால் ஊதுவது எதுவும் வேண்டாம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் அவ்வளவுதான்.

துடைத்த பிறகும் மூன்று டிஸ்கும் படிக்கவில்லையா? அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். லேசரின் பக்கத்தில் உள்ள குட்டித் திருகைத் திருப்பி "பவரை ஏற்றும்" வித்தை ஒன்று உலவுகிறது. அதனால் டிரைவ் ஒரு வாரம் உயிர்பெற்றாலும் லேசர் விரைவில் எரிந்துபோகும். டிரைவை மாற்றுவது அல்லது வெளியே மாட்டும் டிரைவ் வாங்குவது, இரண்டே வழி.

## மை கம்ப்யூட்டரில் டிரைவே காணவில்லை

கணினியை ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10, எஸ்கேப், டெலிட் இவற்றில் உங்கள் லேப்டாப்புக்கு உரியதை அழுத்தி பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். டிரைவின் பெயர் அங்கே இருக்கிறதா என்பதுதான் கிளை பிரியும் இடம்.

பயோஸில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை. அப்படியானால் உடல் நன்றாக இருக்கிறது, கோளாறு மென்பொருளில். டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிரைவின்மேல் மஞ்சள் அடையாளம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே மறுபடி கண்டுபிடிக்கும். அதன் பிறகும் கோட் 19 அல்லது கோட் 39 என்று சொன்னால், முன்பு நிறுவி நீக்கிய ஏதோ டிஸ்க் எழுதும் மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) மிச்சம் வைத்துப் போயிருக்கிறது. கிளாஸ் என்ற பிரிவில் 4டி36இ965 என்று தொடங்கும் சாவிக்குள் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு மதிப்புகள் இருக்கும். முதலில் அந்தச் சாவியை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்திவிட்டு, இரண்டையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதே பெயரில் மதிப்புகள் வேறு சாவிகளிலும் இருக்கும், அவற்றைத் தொடக் கூடாது. ரெஜிஸ்ட்ரி என்றாலே கை நடுங்குகிறது என்றால் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள், தெரிந்தவருக்கு நொடியில் முடியும்.

பயோஸிலும் இல்லை. இணைப்பு தளர்ந்திருக்கலாம். அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். பல மாடல்களில் டிரைவை ஒரே ஒரு திருகுதான் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் டிரைவ் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு வரும். திரும்பத் தள்ளி மாட்டிப் பாருங்கள். தெரிந்துவிட்டால் அதிர்ஷ்டம். தெரியாவிட்டால் டிரைவ் போய்விட்டது, அல்லது அபூர்வமாக, மதர்போர்டில் அதன் இணைப்பு போய்விட்டது.

மாற்று டிரைவ் வாங்கினால் தடிமனைக் கவனியுங்கள். லேப்டாப் டிரைவுகள் பெரும்பாலும் 12.7 மில்லிமீட்டர் அல்லது 9.5 மில்லிமீட்டர். தடித்தது மெல்லிய இடத்தில் நுழையாது. பழைய டிரைவின் முகப்புத் தகட்டைப் புதியதற்கு மாற்றவும் வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் வாங்குவதே மேல். இந்த லேப்டாப் போனாலும் அடுத்ததற்கு உதவும்.

வெளி டிரைவ் மாட்டியதும் சுழல ஆரம்பித்து, உடனே துண்டித்து, மறுபடி சுழன்று என்று திணறினால் மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும், 3.0 என்றால் 900. இரண்டு முனை உள்ள ஒய் கேபிளைப் பயன்படுத்துங்கள், அல்லது தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பில் மாட்டுங்கள்.

## இந்த லேப்டாப்பில் டிரைவ் இல்லை, இன்னொரு கணினியில் இருக்கிறது

இதற்காக எதுவும் வாங்கத் தேவையில்லை. டிஸ்கை அந்தக் கணினியில் போட்டு, உள்ளே இருப்பதைப் பென்டிரைவில் காப்பி செய்து கொண்டுவாருங்கள். மென்பொருள் நிறுவும் டிஸ்குகளில் பெரும்பாலானவை இப்படியே ஓடிவிடும். ஓடாமல் "அசல் டிஸ்கைப் போடு" என்று அடம்பிடித்தால், அங்கே டிஸ்க் முழுவதையும் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக எடுத்து வாருங்கள். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் செய்தாலே ஒரு டிரைவ் போல ஏறிக்கொள்ளும். விண்டோஸ் 7க்குத் தனி மென்பொருள் வேண்டும். காப்பி எடுக்காதபடி பூட்டிய திரைப்பட டிவிடிகளுக்கு இது எடுபடாது.

பலருக்குத் தெரியாத வழி ஒன்றும் உண்டு. அந்தக் கணினியின் டிவிடி டிரைவையே நெட்வொர்க்கில் பகிரலாம். டிரைவில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங். கோப்பு டிஸ்குகளுக்கு நன்றாக வேலை செய்யும், பாட்டு சிடிக்குச் செய்யாது.

## பென்டிரைவில் காப்பி ஆகவில்லை, அல்லது ஆனதும் கெட்டிருக்கிறது

பென்டிரைவில் இடம் இருக்கிறது, ஆனாலும் "கோப்பு மிகப் பெரியது" என்கிறது. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீளமான வீடியோ, பெரிய அவுட்லுக் அஞ்சல் கோப்பு, டிவிடி ஐஎஸ்ஓ, எல்லாம் இதில்தான் முட்டும். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள். செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதை மறக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பி உள்ள லேப்டாப் என்றால், தனியாக அப்டேட் போட்டிருந்தால்தான் எக்ஸ்ஃபேட் புரியும். அதற்குப் பென்டிரைவைப் புதிய கணினியில் வைத்து என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்து கொண்டுபோவது எளிது.

மேக்கில் மாட்டினால் கோப்பு தெரிகிறது, எழுத மட்டும் முடியவில்லை. பென்டிரைவ் என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கிறது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. இதற்கும் எக்ஸ்ஃபேட்தான் மருந்து.

காப்பி முடிந்தது, பெயர்களும் தெரிகின்றன, ஆனால் பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. இது வேறு ரகம். ஒன்று, எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியிருக்கிறார்கள். இரண்டு, பென்டிரைவே போலி. மேலே எழுதியிருக்கும் கொள்ளளவை விண்டோஸிடமும் பொய்யாகச் சொல்லும்படி செய்த பென்டிரைவுகள் புழக்கத்தில் உண்டு. உண்மையான இடம் நிறைந்ததும் மேற்கொண்டு எழுதுவது காற்றில் போகும், பிழைச் செய்தியும் வராது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி முழுப் பென்டிரைவையும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லும். லேப்டாப்பில் உள்ள மூலக் கோப்புகளை இந்தச் சோதனை முடியும் வரை அழிக்கவே அழிக்காதீர்கள்.

## இரண்டு கணினியும் ஒன்றையொன்று பார்க்கவில்லை

நூறு ஜிபிக்கு மேல் மாற்ற வேண்டுமென்றால் பென்டிரைவோடு அலைவதைவிட நெட்வொர்க் நல்லது. ஆனால் மக்கள் அதிகம் திணறுவதும் இங்கேதான்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இரண்டு முனையிலும் சாதாரணத் தட்டை யூஎஸ்பி உள்ள கேபிளால் இரண்டு கணினிகளை இணைக்காதீர்கள். கோப்பு ஒன்றும் போகாது. இரண்டு பக்கத்து 5 வோல்ட்டும் மோதி ஏதாவது ஒரு துளை போகலாம். நடுவில் சிப் வைத்த டிரான்ஸ்ஃபர் கேபிள் என்று தனியாக ஒன்று உண்டு, அது வேறு.

நெட்வொர்க் கேபிள் போதும். ரூட்டர்கூட வேண்டாம், இரண்டு லேப்டாப்பையும் நேராக இணைக்கலாம். ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) துளை ஒரு பக்கம் இருந்தாலே சாதாரணக் கேபிள் ஒத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பழைய 100 எம்பிபிஎஸ் துளை என்றால் உள் கம்பிகளைக் குறுக்காக மாற்றி இணைத்த கிராஸ்ஓவர் கேபிள் தேவைப்படலாம். மாட்டியதும் துளையின் விளக்கைப் பாருங்கள். எரியவே இல்லையென்றால் கேபிளை மாற்றுங்கள். அதற்கு முன் செட்டிங்ஸில் எதையும் தொட வேண்டாம்.

விளக்கு எரிகிறது, அடுத்த கணினி தெரியவில்லை. கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் கொடுத்து இரண்டு கணினியின் முகவரியையும் எழுதிக்கொள்ளுங்கள். நேராக இணைத்திருந்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி வரும். இணைய இணைப்பில் அந்த எண்ணைப் பார்த்தால் கோளாறு என்று அர்த்தம்; இங்கே அது சரிதான், இரண்டும் அப்படி இருந்தால் பேசிக்கொள்ளும். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு அடுத்த கணினியின் முகவரியைத் தட்டுங்கள். நெட்வொர்க் பட்டியலில் பெயர் வரும் என்று காத்திருக்காதீர்கள், பெயர் வராமலே பகிர்வு நன்றாக வேலை செய்யும்.

அப்படியும் திறக்கவில்லையென்றால் இந்த வரிசையில் போங்கள். நெட்வொர்க் பப்ளிக் என்றிருந்தால் பிரைவேட்டாக மாற்றுங்கள். நெட்வொர்க் டிஸ்கவரியையும் ஃபைல் ஷேரிங்கையும் ஆன் செய்யுங்கள். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். வைஃபையில் இருந்தால் இரண்டும் ஒரே வைஃபையில்தானா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபை என்று ரூட்டர் தருவது, அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி பெரும்பாலும் தடுத்துவிடும்.

பழைய லேப்டாப்பில் எக்ஸ்பி, புதியதில் விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் மேலே சொன்னது எதுவும் உதவாது. எக்ஸ்பிக்குத் தெரிந்த பகிர்வு மொழி எஸ்எம்பி1 மட்டுமே. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகத் தருவதை நிறுத்திக்கொண்டது. "விண்டோஸ் ஃபீச்சர்ஸ்" பட்டியலில் எஸ்எம்பி1 கிளையண்டை மட்டும் ஆன் செய்து, எக்ஸ்பியில் பகிர்ந்த ஃபோல்டருக்குள் புதிய கணினியிலிருந்து போய் எடுத்துக்கொள்ளலாம். இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள், முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். நான் பெரும்பாலும் இந்த வம்புக்கே போவதில்லை, ஹார்டு டிஸ்கைக் கழற்றி எடுத்துவிடுகிறேன். அது பின்னால் வருகிறது.

கணினி தெரிகிறது, ஆனால் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு மறுத்துக்கொண்டே இருக்கிறது. பகிர்கிற கணினியின் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லையென்றால் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. அங்கே தற்காலிகமாக ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சல் முகவரியும் அதன் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். தினமும் திரையைத் திறக்கப் பயன்படுத்தும் பின் எண் இங்கே செல்லாது. நாள்தோறும் பின் எண்ணிலேயே நுழைந்து பழகி, உண்மையான பாஸ்வேர்டை மறந்தவர்கள்தான் இங்கே வந்து நிற்பார்கள்.

## காப்பி ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

கணக்குப் போட்டுப் பாருங்கள், பல சமயம் அது ஆமையே அல்ல. 100 எம்பிபிஎஸ் கேபிளில் நொடிக்குச் சுமார் 11 எம்பிதான் வரும். நூறு ஜிபிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். ஜிகாபிட் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, ஹார்டு டிஸ்க் ஈடுகொடுத்தால். பழைய வைஃபை நொடிக்கு 2, 3 எம்பிக்கு மேல் போகாது, அதில் நூறு ஜிபியை ஏற்ற நினைக்கவே வேண்டாம். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் ஒரு பெரிய கோப்பைவிட எப்போதும் மெதுவாகத்தான் போகும்.

பாதியில் ஒரு கோப்பில் நின்று மொத்தமும் அறுந்துபோனால் எக்ஸ்ப்ளோரரை விட்டுவிட்டு, விண்டோஸுடனே வரும் ரோபோகாப்பி கட்டளைக்கு மாறுங்கள். மூல ஃபோல்டர், சேருமிடம், பிறகு ஸ்லாஷ் இ, ஸ்லாஷ் இசட், ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1. கடைசி இரண்டும் முக்கியம். அவை இல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரே கோப்புக்காக அது 30 நொடிக்கு ஒருமுறை வீதம் பத்து லட்சம் தடவை முயலும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து கோப்பு எண்ணிக்கையையும் "சைஸ்" எண்ணையும் ஒப்பிடுங்கள். "சைஸ் ஆன் டிஸ்க்" வேறாக இருந்தால் பதற வேண்டாம், ஃபார்மட் மாறினால் அது மாறும்.

## கோப்பு வந்துவிட்டது, திறந்தால் தமிழ் இல்லை

இதைக் கண்டு காப்பியில் கோளாறு என்று திரும்பத் திரும்ப மாற்றுபவர்கள் உண்டு. கோப்பு கெடவில்லை. யூனிகோடு வருவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த ஆவணம் அது. அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லை. "தமிழ்" என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றால் அது பாமினியேதான். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து நிறுவுங்கள். லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், பெயர் தெரியாத பழைய எழுத்துருவைப் பின்னால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. நிதானமாக யூனிகோடு மாற்றியில் போட்டுக்கொள்ளலாம்.

## விண்டோஸே ஏறவில்லை, அல்லது லேப்டாப் ஆன் ஆகவில்லை

திரை வருகிறது, விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்றால் வேறு கணினியில் லினக்ஸ் லைவ் பென்டிரைவ் (நிறுவாமலே அதிலிருந்து ஓடும் லினக்ஸ்) ஒன்று தயார் செய்து அதிலிருந்து பூட் செய்யுங்கள். டிவிடி டிரைவ் தேவையே இல்லை. உங்கள் கோப்புகளைத் திறந்து இன்னொரு பென்டிரைவில் காப்பி செய்யலாம்.

லேப்டாப்பே எழவில்லையென்றால் ஹார்டு டிஸ்கைக் கழற்றுங்கள். டிவிடி டிரைவ் இருந்த காலத்து லேப்டாப்புகளில் பெரும்பாலும் 2.5 அங்குல டிஸ்க்தான் இருக்கும், அடிப்பக்க மூடிக்குள். இணைப்பைப் பாருங்கள்: தட்டையாக, எல் வடிவப் பிளவோடு இருந்தால் சாட்டா, இரண்டு வரிசை ஊசிகள் இருந்தால் பழைய ஐடிஇ. அதற்கேற்ற யூஎஸ்பி அடாப்டர் வாங்கி மாட்டினால் அது ஒரு வெளி டிஸ்க், அவ்வளவுதான். "அனுமதி இல்லை" என்று ஃபோல்டர் மறுத்தால் கன்டினியூ கொடுத்துக் காத்திருங்கள்.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் சாவி கேட்டால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பெரும்பாலும் அங்கே சேமிப்பாகியிருக்கும். அந்த எண் எங்குமே இல்லையென்றால் எந்தக் கடைக்காரரும் திறந்து தர முடியாது. முடியும் என்று முன்பணம் கேட்பவரிடமிருந்து டிஸ்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

## ஹார்டு டிஸ்க் "டிக் டிக்" என்கிறது, அல்லது திடீர் திடீரென மறைகிறது

மறைவது மட்டும்தான், சத்தம் இல்லை என்றால் யூஎஸ்பி கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள். டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் மஞ்சள் நிறம் வந்தால், அந்த டிஸ்கில் வேறெந்தப் பரிசோதனையும் செய்யாமல் முக்கியமான ஃபோல்டர்களை முதலில் எடுங்கள். டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் கருவியை ஓட்டச் சொல்லித் திரையே கேட்கும். சாகப்போகிற டிஸ்கில் அதை ஓட்டாதீர்கள். அது டிஸ்கை முழுக்கத் தடவிப் பார்த்து மிச்ச உயிரையும் எடுக்கும், சில கோப்புகளைத் துண்டு துண்டாக்கியும் வைக்கும். கை பழகியவர் என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுங்கள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பும்.

டிக் சத்தம் வந்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. உள்ளே தரவைப் படிக்கும் தலை தட்டுகிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தரவு பதிந்த உள்வட்டின் பரப்பு கீறல்படலாம். ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறப்பது எதுவும் வேண்டாம். தூசி வடிகட்டிய அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்திடம் கொடுங்கள். செலவு புதிய லேப்டாப்பையே தாண்டலாம். அதனால் போன கோப்பு அந்த விலைக்குத் தகுமா என்பதை வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள்.

கொடுக்கும்போது மூன்று விஷயங்களைத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்: சத்தம் எப்போது தொடங்கியது, அதன் பிறகு எத்தனை முறை ஆன் செய்தீர்கள், எந்த ஃபோல்டர் முதலில் வேண்டும். பிட்லாக்கர் இருந்தால் அந்த 48 இலக்க எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாமல் டிஸ்கைச் சரிசெய்தாலும் கோப்பைப் பார்க்க முடியாது.